பழைய மாடங்களும் பொருட்காட்சிச்சாலைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர்கள் நின்று பேசவேண்டிய மேடையில் ஓர் இரயில்வே குமாஸ்தாவை நிறுத்தியிருக்கிறீர்கள். தண்டவாளம் ஓரடிகூட இல்லாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டு முன்பதிவு செய்து கொடுப்பது என் தொழில். "கடலில் ஓடுமா ஐயா உங்கள் இரயில்?" என்று சிறுவர்கள் கேலி செய்வதுண்டு. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆயினும் இரயில்வே ஊழியனுக்கு ஒரு பேறு உண்டு. ஆண்டுதோறும் பாஸ் கிடைக்கிறது. கப்பலேறிச் சென்னை சேர்ந்துவிட்டால், பிறகு பாரதம் முழுவதும் சுற்றிப் பார்க்கலாம். அப்படிச் சுற்றியதில் கண்டவற்றையும், அதன் பொருட்டுத் தேடிப் படித்தவற்றையும் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நம் சங்கத்தின் பழைய மரமண்டபத்தை இடித்துவிட்டு மூன்றடுக்குக் கான்கிரீட் கட்டடம் எழுப்புவதா என்பதை வருகிற பொதுக்குழுவில் முடிவு செய்ய இருக்கிறோம். நான் பேசப்போவது நாகப்பட்டினத்தையும் கோவாவையும் பற்றியே எனினும், என் மனம் முழுவதும் அந்த மண்டபத்தில்தான் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து தொடங்குகிறேன். நம்மில் பலருக்கு அது அயலூர் அன்று. சிலருக்குத் தாய் வீடு. அவ்வூரில் ஒரு காலத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி இருந்தது. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அதனை எடுப்பித்தான். முதலாம் இராசராசன் சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட சைவன். இருந்தும் அவன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பள்ளிக்கு அளித்தான். அக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் பின்னாளில் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரத்தைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. அதே இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025-இல் அந்த ஸ்ரீவிஜயத்தின்மீதே கப்பற்படை செலுத்தினான். அவன் வென்றதாக மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களிடையே 'மாநக்கவாரம்' என்று வருவது நம் நிக்கோபார்தான். இத்தலைநகரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஆகவே நாகை விகாரத்தின் கதையைக் கேட்க இந்த அவைக்குத் தனி உரிமை உண்டு.

அந்த விகாரம் பிற்காலத்தில் என்ன ஆயிற்று? பிக்குகள் மறைந்தனர், கட்டடங்கள் சரிந்தன, ஒரு கோபுரம் மட்டும் பன்னெடுங்காலம் நின்றது. ஊரார் அதனைப் புதுவெளிகோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோயில் என்றனர். கப்பலில் வருவோர்க்குக் கரை அடையாளம் அதுவே. சர் வால்ட்டர் எலியட் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1846-இல் அதனை நேரிற் கண்டு எழுதிவைத்துள்ளார். மூன்று நிலைகள், நாற்சதுரம், சாந்து பூசாமலே ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்திய செங்கற்கள், ஒவ்வொரு பக்கத்து நடுவிலும் வாயில். அதன் அருகே கல்லூரி அமைத்திருந்த சேசு சபைத் துறவியர், கோபுரத்தை இடித்து அகற்ற 1859-இல் அரசிடம் அனுமதி வேண்டினர். உடனே கிடைக்கவில்லை. 1867-இல் கிடைத்தது. கோபுரம் போயிற்று. பதினாறே ஆண்டுகளில், 1883-இல், கல்லூரியும் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்துவிட்டது!

நான் எந்தச் சமயத்தாரையும் குறை கூற வரவில்லை. வேண்டியவர்கள் துறவியர், இசைந்தவர்கள் சென்னை அரசாங்கத்தார், தடுக்காதவர்கள் ஊரார். இடிப்பதற்கு முன்பே, 1856-இல், அவ்விடத்தில் நின்ற இலுப்பை மரம் ஒன்றின் அடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. அதுமுதல் 1934 வரையில் ஏறத்தாழ 350 படிமங்கள் நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து வெளிவந்தன. பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவற்றைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய ஆராய்ச்சி நூலை அவ்வருங்காட்சியகம் 1954-இல் வெளியிட்டது. எஞ்சியவை கடல் கடந்தும் சென்றன. எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவ்வழகிய படிமங்களைக் கண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது இது: இவற்றுக்கென்று ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டையே இவற்றின் காட்சிச்சாலை ஆக்கியிருந்தால், எந்தத் திசை நோக்கி அமர்ந்திருந்தன, எந்த வாயில் வழியே ஒளி விழுந்தது என்பதெல்லாம் இன்று ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். இப்போதோ பொருள் இருக்கிறது, இருப்பிடம் இல்லை.

அப்படி வீட்டையே காட்சிச்சாலை ஆக்கிய இடம் ஏதும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 2023-ஆம் ஆண்டு இறுதியில் குடும்பத்துடன் கோவா சென்றிருந்தேன். கர்மாலி நிலையத்தில் இறங்கினால் பழைய கோவா எட்டும் தூரம். அங்கே 'திருக்குன்று' என்று போற்றப்படும் மேட்டில் இரண்டு துறவு மாடங்கள் எதிரெதிராக நிற்கின்றன. நிற்கின்றன என்பது சரியன்று. ஒன்று நிற்கிறது, மற்றொன்று கிடக்கிறது. இரண்டும் அகுஸ்தீன் சபையைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே வகைச் செம்பூரான் கல்லால் ஆனவை. ஒரே மழையில் நனைந்தவை. ஒன்று வாழ்ந்ததும் மற்றொன்று வீழ்ந்ததும் ஏன் என்பதை அறிந்துகொண்டால் நமக்குப் பயன் உண்டு.

வீழ்ந்தது ஆண் துறவியரின் மாடம். அதன் கோயிற் கோபுரம் 1602-இல் எழுந்தது. உயரம் 46 மீட்டர். 1834-இல் போர்ச்சுகல் அரசாங்கம் ஆண் துறவியர் சபைகளைக் கலைத்துச் சொத்துக்களைப் பறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே இம்மாடம் காலியாயிற்று. 1842-இல் கோயிலின் வளைவுக் கூரை விழுந்தது. ஏழே ஆண்டுகள், அன்பர்களே! இரண்டு நூற்றாண்டு மழையைத் தாங்கிய கூரை, ஆள் இல்லாத ஏழாண்டு மழையைத் தாங்கவில்லை. பெரிய மணியை 1871-இல் பஞ்சிம் நகரத்துக் கோயிலுக்குக் கொண்டு சென்றனர். 1931-இலும் 1938-இலுமாக முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. இன்று பாதிக் கோபுரம் மட்டும் வானைக் குத்தி நிற்கிறது. அவ்விடிபாட்டிலேயே 2005-இல் தொல்பொருள் துறையார் ஓர் எலும்புத் துண்டைக் கண்டெடுத்தனர். ஜார்ஜியா நாட்டு அரசி கெதெவானுடையது அது என்று ஐதராபாத்து அறிவியலறிஞர்கள் மரபணுச் சோதனையால் 2013-இல் தெரிவித்தார்கள். 1624-இல் பாரசீகத்தில் உயிர்நீத்தவர் அவர். 2021-இல் நம் அரசு அத்திருவெலும்பை ஜார்ஜியாவுக்கே ஒப்படைத்தது. இடிந்த சுவருக்குள்ளும் என்னென்ன இருக்கக்கூடும் என்பதற்காக இதனைச் சொன்னேன்.

எதிரில் நிற்பது புனித மோனிக்கா கன்னிமாடம். 1606-இல் தொடங்கி 1627-இல் முடித்தார்கள். 1636-இல் தீப்பற்றியது, உடனே மீண்டும் கட்டினார்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்கள் உள்ளே நுழைந்ததும் அந்நியமாய் உணரமாட்டார்கள். வெளிப்புறத்தில் யானைக்கால் போன்ற முட்டுச் சுவர்கள். 1834-ஆம் ஆண்டுச் சட்டம் கன்னியர் மாடங்களை உடனே மூடவில்லை. புதியவர்களைச் சேர்க்கக் கூடாது; இருப்பவர்கள் இறுதிவரை இருக்கலாம் என்று விட்டது. கொடுமையான சலுகைதான். ஆயினும் அதனால் 1880-களில் கடைசிக் கன்னியர் கண்மூடும்வரை அங்கே விளக்கு எரிந்தது. ஓடு நழுவினால் எடுத்து வைக்க, கூரையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிப்போட ஒருவர் இருந்தார். பின்னர்ப் படைவீரர் தங்கினர். அதன்பின் கன்னியர்க்கான கல்வி நிலையம் வந்தது. படைவீரர் தங்கியது அக்கட்டடத்துக்குப் பெருமை என்று எவரும் கருதமாட்டார். ஆனால் ஒழுகும் கூரையின்கீழ் எந்தப் படைவீரனும் உறங்கமாட்டான்; ஏணி வைத்து ஏறி அடைத்துவிடுவான். கட்டடத்துக்கு வேண்டியது அதுதான்.

கிறித்தவக் கலைப் பொருட்காட்சிச்சாலை ஒன்று கோவாவில் ராச்சோல் குருமடத்தில் 1994-இல் தொடங்கியது. 2002-இல் அது மோனிக்கா மாடத்தைச் சேர்ந்த கோயிலுக்கு இடம் பெயர்ந்தது. தந்தச் சிற்பங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், நம் நாட்டுத் தச்சரும் தட்டாரும் மேனாட்டுச் சமயத்துக்குச் செய்து கொடுத்த அரிய வேலைப்பாடுகள் எல்லாம் அங்கே உள்ளன. கூழைக்கடாப் பறவை வடிவில் அமைந்த ஒரு வெள்ளிப் பேழை, பழங்காலத்தில் அம்மாடத்துக்கே உரியதாய் இருந்தது. தன் வீட்டிலேயே காட்சிப் பொருளாய் இருக்கும் பாக்கியம் அதற்கு! நாகைப் படிமங்களுக்குக் கிட்டாதது. லிசுபன் நகரத்துக் குல்பெங்கியன் அறநிலையமும் நம் மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகமும் பொருளுதவி செய்ய, முழுதும் செப்பனிட்டு 2022 மே மாதம் மீண்டும் திறந்தார்கள். சற்றுத் தள்ளிப் புனித பிரான்சிசு கோயிலை ஒட்டிய துறவியர் மாடத்திலும் தொல்பொருள் துறையின் காட்சிச்சாலை 1964 முதல் இருக்கிறது. அங்கே போர்ச்சுகீசிய ஆளுநர்களின் ஆளுயரப் படங்கள் ஒரு கூடம் நிறைய உண்டு. முறைத்துப் பார்க்கும் அத்தனை மீசைகளுக்கு நடுவே என் இளைய மகன் என் கையை விடவேயில்லை.

இனிச் செப்பனிடும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். செம்பூரான் கல் துளை நிறைந்தது, நீரை உறிஞ்சும். அதற்குச் சட்டை சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு மூச்சு விடும். உள்ளே புகுந்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, கல்லே பொடியாகும். மேலே ஒன்றுமே பூசாவிட்டால் மழை நேராகக் கல்லைத் தின்னும். அதே ஊரில் உள்ள போம் ஜேசு கோயிலுக்கு 1950-களில் ஒரு போர்ச்சுகீசிய நிபுணர், பழமைத் தோற்றம் வேண்டும் என்று கருதி வெளிப்பூச்சை உரித்துவிட்டார். இன்று அந்தச் செந்நிறத்தைக் கண்டு எல்லோரும் அழகு என்கிறார்கள். கல்லோ ஆண்டுதோறும் தேய்கிறது. பழமையைக் காட்டுவது வேறு, பழமையைக் காப்பது வேறு. இரண்டாவதற்குக் கைதட்டல் கிடைப்பதில்லை.

துறவு மாடம் காட்சிச்சாலைக்குப் பெரும்பாலும் பொருந்தி வருகிறது என்பதும் உண்மை. தடித்த சுவர் வெப்பத்தை அடக்குகிறது. சிறு சிறு அறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் தனிமை தருகின்றன. தாழ்வாரத்தில் கூட்டம் முட்டாமல் நகர்கிறது. இத்தாலியில் புளோரன்சு நகரத்துச் சான் மார்க்கோ மடம் 1869 முதல் காட்சிச்சாலையாக இருப்பது இப்படித்தான். துறவியர் உறங்கிய அறைச் சுவரிலேயே சித்திரங்கள் உள்ளன. ஆனால் பொருள்களுக்கு வேண்டியதும் கட்டடத்துக்கு வேண்டியதும் எப்போதும் ஒன்றாயிரா. துணிக்கும் தாளுக்கும் வெளிச்சம் பகை. கட்டடத்துக்குச் சாளரம் திறந்து காற்று வரவேண்டும். தந்தமும் மரமும் ஈரம் கூடிக் குறைந்தால் வெடிக்கும். பழைய சுவர்களோ ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் ஒரு நெறி வகுக்க 1964-இல் வெனிசு நகரில் உலக நிபுணர்கள் கூடினார்கள். பழங்கட்டடத்தைச் சமுதாயப் பயனுக்கு ஆக்குவது நன்று; அதன் பொருட்டு அதன் அமைப்பையும் அழகையும் மாற்றக் கூடாது என்பது அவர்கள் கூறியதில் ஒரு பகுதி. சட்டம்போல் தோன்றினும், அதில் உள்ளது வீட்டுக்கு வந்த மருமகளிடம் மாமியார் சொல்லும் புத்திதான்: குடும்பம் நடத்து, சுவரை இடிக்காதே!

நாம் தொலைவில் போகவேண்டியதில்லை. சிற்றறைச் சிறையை நினைத்துப் பாருங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த ஏழு சிறகுகள். 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதம். ஜப்பானியர் காலத்தில் இரண்டு சிறகுகள் போயின. விடுதலைக்குப் பிறகு நம்மவர்களே இரண்டை இடித்தோம். 1963-இல் அவ்வளாகத்திலே கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை வந்தது. மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்? என் குழந்தைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள்தாம். ஆனால் அச்சிறையில் வாடிய முன்னாள் அரசியல் கைதிகள் இங்கே வந்து, எஞ்சியதையேனும் இடிக்காதீர்கள் என்று மன்றாடினார்கள். அடைபட்ட கூட்டையே காப்பாற்றுங்கள் என்று அடைபட்டவர்களே கேட்டது வியப்பல்லவா? அவர்கள் கேட்டதனால் மூன்று சிறகுகள் பிழைத்தன. 1979 பிப்ரவரி 11-ஆம் நாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடித்த நான்கு சிறகுகள் எங்கே இருந்தன என்று வருகிற விருந்தினர்களுக்குக் கைநீட்டிக் காட்டவேண்டியிருக்கிறது. நிற்கும் மூன்றைக் காட்டக் கை வேண்டியதில்லை.

இனி நம் மண்டபம். அதனைக் கோபுரத்தோடும் மாடத்தோடும் ஒப்பிடுவது அணில் கதையாகத் தோன்றலாம். நாற்பதடி நீளம், இருபதடி அகலம். படாக்குத் தூண், பலகைச் சுவர், தகரக் கூரை. கப்பலை விட்டு இறங்கி எவரும் அறியாது நின்ற தமிழ்க் குடும்பங்கள் முதல் இரவைக் கழித்த இடம் அது. காட்டிலாகாவுக்கும் பொதுப்பணித் துறைக்கும் கூலிகளாய் வந்தவர்கள் மாதச் சீட்டுப் போட்டுக் கட்டினார்கள். துறவியர் எவரும் அங்கே இருந்ததில்லை. ஆனால் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுப் பத்தாண்டு தனியே கிடந்த ஆடவர் பலர் அங்கே சமைத்து உண்டு, வரிசையாய்ப் பாய் விரித்துப் படுத்தனர். அதுவும் ஒருவகைத் துறவே.

பொருளாளர் ஐயா அவர்கள் சென்ற கூட்டத்தில் சொன்னதை நான் மறுக்கவில்லை. கல்யாண மண்டபம் கட்டினால் வாடகை வரும். தமிழ் வகுப்புக்கு நல்ல அறை கிடைக்கும். பிள்ளைகள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இவை மெய்யான தேவைகள். நான் வேண்டுவது, புதிய கட்டடம் பின்புறத்துக் காலியிடத்தில் எழட்டும் என்பதே. இரண்டடுக்கு போதும். முன்புறத்து மரமண்டபம் இருக்கட்டும். பகலில் நம் குடிவரவுக் காட்சிச்சாலை. மாலையில் அதே தாழ்வாரத்தில் தமிழ் வகுப்பு. காட்சிச்சாலை என்று பூட்டிவைத்தால் அகுஸ்தீன் மாடத்தின் கதிதான் நேரும். தினமும் பிள்ளைகளின் காலடி படவேண்டும்.

மண்டபம் நிலநடுக்கத்துக்குத் தாங்குமா என்று ஒரு தம்பி கேட்டார். இத்தீவுகள் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலத்தில் இருப்பது உண்மை. ஆணியும் பூட்டும் சரியாயிருக்கும் மரக் கட்டடம் வளைந்து கொடுக்கும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நம் மண்டபம் ஆடியதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அது ஆடியது, விழவில்லை. படாக்கு மரத்தின் வைரப் பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. கெடுவது தூணின் அடியும், ஆணித் துளையுள்ள தகரமும், வடிகாலும்தான். தூணடியில் ஒட்டு வைத்து, மண் படாமல் கல்லின்மேல் நிறுத்தினால் போதும். சாத்தம் மரஅறுவை ஆலை 1883 முதல் இருக்கும் ஊரில், அந்த வேலை தெரிந்த தச்சர்களுக்கா பஞ்சம்?

காட்சிக்கு என்ன வைப்பது? தங்கப் பேழை நம்மிடம் இல்லை. எம்.வி. அக்பர், ஹர்ஷவர்தனா ஆகிய கப்பல்களின் பயணச்சீட்டுகள், தகரப் பெட்டிகள், காட்டு வேலைக்குக் கொண்டுபோன அரிவாள், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அம்மி, முதன்முதல் நடந்த பொங்கல் விழாவின் அழைப்பிதழ், இச்சங்கத்தின் பழைய மலர்கள். இலங்கை மலையகத்திலிருந்து 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பெயர்க்கப்பட்டுக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களிற் பலருக்கு ஆழிப்பேரலை ஒரு புகைப்படத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அவர்கள் உறவினருடைய படம் வேறு எவர் வீட்டுச் சுவரிலாவது தொங்கக்கூடும். அதை ஒரு பிரதி எடுத்து அவர்கள் கையில் கொடுப்பதற்கேனும் இந்த மண்டபம் வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. குல்பெங்கியன் நமக்கு வரமாட்டார். தகரம் மாற்றவும் பதினான்கு தூண்களுக்கு அடி வைக்கவும் ஆகும் செலவு, இடித்துக் குப்பை அள்ளும் செலவைவிடக் கூடுதலாய் இராது என்பது நான் விசாரித்த இரு தச்சர்களின் சொல். எழுத்தில் வாங்கிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

பொதுக்குழுவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்களில் ஒருவர் மண்டபத்துக்கு வந்து ஒவ்வொரு தூணையும் உளியால் தட்டிப் பார்க்க இசைந்திருக்கிறார். இடிக்கவேண்டும் என்போரும் அவசியம் வாருங்கள். உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கூரையைப் பார்க்க இருபதடி ஏணி ஒன்று தேவைப்படுகிறது. எவர் வீட்டிலாவது இருந்தால், விழா முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.